குலவரலாறு எழுதுவோர்க்கு: கொங்குநாட்டு ஆவணங்களும் நோக்கு நூல்களும்

கொங்குநாட்டுக் குலக்கோயில் திருப்பணிக் குழுவினருக்கும், குடமுழுக்கு மலர் தொகுப்போருக்கும், ஊர் வரலாறு எழுதும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



கொங்குநாட்டுக் குடும்பம் ஒன்றின் வரலாற்றை எழுத ஐந்து வகைச் சான்றுகள் உண்டு. வீட்டில் இருக்கும் தாள்கள் முதல் வகை. வருவாய்த் துறையின் நிலக் கணக்குகள் இரண்டாவது. பதிவுத் துறையின் பத்திரங்கள் மூன்றாவது. பள்ளி, மாதா கோயில், மில், நீதிமன்றம் போன்றவற்றின் பதிவேடுகள் நான்காவது. கல்வெட்டு, செப்பேடு, ஏட்டுச் சுவடி ஐந்தாவது. குடமுழுக்கு மலர்களில் வரும் குலவரலாறுகள் பெரும்பாலும் ஐந்தாவது வகையைப் பிடித்துக்கொண்டு சேர, சோழர் காலத்தில் தொடங்குகின்றன. அடுத்த பக்கத்திலேயே இன்றைய அறங்காவலர்களிடம் வந்து நிற்கின்றன. எழுத்துச் சான்று மிகுதியாகக் கிடைக்கும் கடைசி இருநூறு ஆண்டுகள் இடையில் விடுபட்டுப் போகின்றன. நம்பத்தக்க முறை இதற்கு நேர்மாறானது. தேதியும் கையெழுத்தும் உள்ள தாளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒவ்வோர் ஆவணமும் ஏதோ ஒரு காரியத்துக்காக எழுதப்பட்டது. அந்தக் காரியத்தைப் பொறுத்தவரை அதன் சொல் பலமுள்ளது. மற்றவற்றில் அது கேள்விப்பட்ட செய்திதான்.

ஊரும் எல்லையும்

தேடத் தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியது, அந்த ஊர் எந்தக் காலத்தில் எந்த ஜில்லாவில், எந்தத் தாலுகாவில் இருந்தது என்பது. சேலம் பகுதி 1792இலும், கோயம்புத்தூர்ப் பகுதி 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னும் கும்பினியார் கைக்கு வந்தன. வடக்கு, தெற்கு என்று இரண்டாக இருந்த நிர்வாகப் பிரிவுகள் 1804இல் கோயம்புத்தூர் ஜில்லாவாக இணைந்தன. நீலகிரி 1868இல் பிரிந்தது. கரூர் தாலுகா 1910இல் திருச்சிராப்பள்ளி ஜில்லாவுக்குப் போனது. கொள்ளேகால் 1956இல் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1979இல் பெரியார் மாவட்டம் உருவாகிப் பின்னர் ஈரோடு மாவட்டம் எனப் பெயர் மாறியது. கரூர் மாவட்டம் 1995இலும், நாமக்கல் 1997இலும், திருப்பூர் 2009இலும் தோன்றின.

இதன் விளைவைக் காங்கேயம் பக்கத்து ஊர் ஒன்றில் காணலாம். 1979 வரை அந்த ஊர் கோயம்புத்தூர் மாவட்டம். அடுத்த முப்பது ஆண்டுகள் பெரியார் அல்லது ஈரோடு மாவட்டம். 2009 முதல் திருப்பூர் மாவட்டம். ஒரே தோட்டத்தைப் பற்றிய தாள்கள் மூன்று மாவட்டத் தலைநகரங்களில் சிதறிக் கிடக்க வாய்ப்புண்டு. கரூர்க்காரர்கள் திருச்சியையும், நாமக்கல், திருச்செங்கோட்டுக்காரர்கள் சேலத்தையும் விட்டுவிடக் கூடாது.

ஊர்ப் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. கொங்குநாட்டில் குடியிருப்புகள் ஒரே இடத்தில் திரண்டு நிற்பதில்லை. ஒரு வருவாய் கிராமத்துக்குள் பாளையம், வலசு, புதூர் என்று பல குக்கிராமங்களும், காட்டுக்குள் தனித்தனித் தோட்டத்துச் சாளைகளும் அடங்கும். குடும்பத்தார் குக்கிராமத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். அரசுக் கணக்கோ வருவாய் கிராமத்தின் பெயரில் இருக்கும். வேலம்பாளையம் என்ற பெயரில் மட்டும் பல ஊர்கள் இருக்கின்றன. ஆகவே ஊர், வருவாய் கிராமம், தாலுகா, சார்பதிவாளர் அலுவலகம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் முதலில் எழுதி வைத்துக்கொள்வது பிற்பாடு வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

வீட்டில் உள்ளவை

பழைய பத்திரங்கள், ஜாதக நோட்டு, கலியாணப் பத்திரிகை, மொய் நோட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கார்டு, கோயில் வரி ரசீது ஆகியவை வீட்டுத் தாள்களில் முக்கியமானவை. இவற்றில் மொய் நோட்டை யாரும் ஆவணமாகக் கருதுவதில்லை. ஆனால் திருமணப் பதிவைத் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியது 2009ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதற்கு முந்தைய பெரும்பாலான கலியாணங்களுக்கு அரசுப் பதிவே கிடையாது. கலியாணம் எந்த நாளில், எந்த ஊரில் நடந்தது என்பதற்கு மொய் நோட்டின் முதல் பக்கமே எழுத்துச் சான்றாக நிற்கும். உள்ளே ஒவ்வொரு வரியிலும் ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும். பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர், பங்காளிகள் குடியேறிய ஊர் எல்லாம் அதில் தெரியவரும். ஒரே வீட்டின் இரண்டு தலைமுறை மொய் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த உறவு தொடர்ந்தது, எது அறுந்தது என்பதும் புலப்படும்.

ஜாதகக் குறிப்பில் வருடத்தின் பெயர், மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம், திதி ஆகியவை இருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே வருடப் பெயர் திரும்பி வருவதால் பெயரை மட்டும் நம்ப முடியாது. தாது வருடம் என்றால் 1876, 1936, 1996 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். தாது வருடப் பஞ்சத்தில் பிறந்தவர் என்று குடும்பத்தில் சொல்லிவந்தால் அது 1876-77. தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால் மார்கழி பாதியிலிருந்து பங்குனி வரை உள்ள நாட்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும்; தாது வருட மாசி மாதம் என்றால் 1877 பிப்ரவரி, மார்ச். வருவாய்த் துறை எழுதும் பசலியோடு 590ஐக் கூட்ட வேண்டும். பசலி ஜூலையில் தொடங்குவதால் பசலி 1286 என்பது 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. சக ஆண்டோடு 78ஐக் கூட்டியும், கலியாண்டில் 3101ஐக் கழித்தும், ஓராண்டு முன்பின்னாக ஆங்கில ஆண்டைப் பெறலாம். கிழமை, திதி, நட்சத்திரம் ஆகிய மூன்றும் ஒத்துப்போகும் நாளைத் துல்லியமாகக் காண எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கணித்து வெளியிட்ட காலக்கணித அட்டவணை நூல்கள் இன்றும் பயன்படுகின்றன.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்க வந்த நாளில் வயது கணக்காக வேண்டும் என்பதற்காக வாத்தியார் போட்டுக்கொண்ட மே, ஜூன் மாதத் தேதிகள் ஏராளம். பெற்றோர் பெயருக்கும் ஊருக்கும் அது நல்ல சான்று. பிறந்த நாளுக்கு அவ்வளவு நல்லதன்று.

நிலக் கணக்குகள்

கொங்குநாட்டில் இரயத்துவாரி முறை நிலவியதால், நிலம் வைத்திருந்த குடியானவர் ஒவ்வொருவரின் பெயரும் அரசுக் கணக்கில் ஏறியது. பிற்காலத்திலிருந்து முற்காலத்துக்குப் போகும் வரிசை இது: இன்றைய கணினிப் பட்டா, 1980களில் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டத்தின் யூ.டி.ஆர். பதிவேடு, அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேடு, நிலவளவைக்கு முன்பிருந்த பைமாஷ் கணக்கு. பட்டாவையும் புல வரைபடத்தையும் இப்போது இணையத்தில் எடுக்கலாம். ‘அ’ பதிவேட்டில் புல எண், நஞ்சையா புஞ்சையா என்ற விவரம், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் ஆகியவை இருக்கும். அடங்கலில் ஒவ்வொரு பசலியிலும் என்ன பயிர் செய்யப்பட்டது, கிணறு உண்டா என்பது பதிவாகும்.

புல எண்ணைப் பின்தொடர்வதில் கவனம் வேண்டும். கோவைப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் ‘க.ச.’ எண் என்றும், மறு அளவைக்குப் பின் ‘ரீ.ச.’ எண் என்றும் இரண்டு வரிசைகள் வரும். யூ.டி.ஆரில் உட்பிரிவு எண்கள் மறுபடியும் மாறியிருக்கலாம். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் ஒப்பீட்டு அட்டவணை இல்லாமல் ஒரு புலத்தை நூறாண்டு பின்னோக்கிக் கொண்டுபோவது கடினம். பட்டாவில் ஒரு பெயர் இருப்பதால் அவர்தாம் அப்போது உயிரோடு இருந்தவர் என்றும் கொள்ளக் கூடாது. பாட்டன் இறந்து முப்பது ஆண்டுகளாகியும் பட்டா அவர் பெயரிலேயே ஓடுவது சாதாரணம். தீர்வை ஒழுங்காக வந்தவரை பெயரை மாற்ற வேண்டிய அவசரம் யாருக்கும் இருந்ததில்லை.

இனாம் நிலம் பெற்ற குடும்பங்களுக்கு மட்டும் ஒரு தனிக் களஞ்சியம் இருக்கிறது. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் 1860களில் ஊர் ஊராக விசாரித்து எழுதிய இனாம் பதிவேடு அது. கோயில் பூசாரி, புலவர், குலகுரு, தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், ஊர்க் காவலர் எனப் பலதரப்பட்டோர் அனுபவித்த மானியங்கள் அதில் வருகின்றன. அதன் ஒரு பக்கத்தைப் பார்த்தால், குறுக்கே ஓடும் பத்திகளில் நிலத்தின் பரப்பு, எதற்காகக் கொடுக்கப்பட்டது, யார் எந்த ஆண்டில் கொடுத்தார், முதலில் பெற்றவர் பெயர், முந்தைய பசலிக் கணக்குகளில் யார் பெயர் இருந்தது, விசாரணை நாளில் அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு, அவருக்குப் பின் வாரிசுகள் யார் என்று எழுதியிருக்கும். கடைசியில் டெபுடி கலெக்டரின் கருத்தும் கமிஷனரின் முடிவும். மூன்று, நான்கு தலைமுறைகளை ஒரே பக்கத்தில் தரும் அரசு ஆவணம் கொங்குநாட்டில் இதைப்போல் வேறில்லை. ஆனால் மானியத்தைத் தக்கவைத்துக்கொள்ள ஒவ்வொருவரும் தம் உரிமை பழமையானது என்று காட்ட வேண்டியிருந்தது. வாரிசு வரிசையை நம்பலாம். ‘நாயக்கர் காலத்தில் கொடுத்தது’ என்பதை வேறு சான்று இல்லாமல் ஏற்க முடியாது. இப்பதிவேடுகளையும் கலெக்டர் அலுவலகப் பழங்கடிதங்களையும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும்.

ஊர்க் கணக்கு பரம்பரை மணியகாரர், கணக்குப்பிள்ளை வசம் இருந்தவரை, கணக்குச் சுவடிகள் அவர்கள் வீட்டுப் பரணிலேயே கிடந்தன. 1980 நவம்பரில் தமிழக அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்தபோது அலுவலகப் பதிவேடுகள் ஒப்படைக்கப்பட்டன. சொந்தக் குறிப்பேடுகள் வீட்டிலேயே தங்கின. பழைய மணியகாரர் வீடுகளில் விசாரிப்பது இன்றும் பயன் தரும்.

பத்திரப் பதிவு

பத்திரப் பதிவு முறை சென்னை மாகாணத்தில் 1865 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது செயல்படுவது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1ஆம் புத்தகத்திலும், உயில்கள் 3ஆம் புத்தகத்திலும், மற்றவை 4ஆம் புத்தகத்திலும் பதிவாகின்றன. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயரின் அகரவரிசையில் ஓர் அட்டவணையும், சொத்து இருக்கும் ஊர் வரிசையில் மற்றோர் அட்டவணையும் உண்டு. 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்வையிடலாம். உயிலின் நகலை, எழுதியவர் இருக்கும்வரை அவரும் அவருடைய முகவரும் மட்டுமே பெறலாம். அவர் காலமான பிறகு விண்ணப்பிப்பவர் எவருக்கும் கிடைக்கும். 1975 முதலான வில்லங்க விவரங்கள் கணினியில் ஏறியிருக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கையால் தேடும் முறை உண்டு.

குலவரலாற்றுக்கு மிகவும் பயன்படுவது பாகப் பத்திரம். அண்ணன் தம்பிகள் பிரிந்தபோது எழுதிய அந்தப் பத்திரத்தில் தந்தை, பாட்டன் பெயர், பங்காளிகள் வரிசை, பொதுக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, வண்டித்தடம் யாருக்குச் சொந்தம், தாயாருக்கு யார் எவ்வளவு தானியம் தர வேண்டும் என்பதெல்லாம் வரும். கிரயப் பத்திரத்தின் எல்லை விவரத்தையும் வாசிக்க மறக்கக் கூடாது. இன்னார் காட்டுக்குக் கிழக்கு, இன்னார் தோட்டத்துக்கு வடக்கு என்று நான்கு மால் சொல்லும்போது நான்கு அண்டை வீட்டார் பெயரும் வந்துவிடுகிறது. கொங்குநாட்டில் பக்கத்துக் காட்டுக்காரர் பெரும்பாலும் பங்காளி அல்லது மாமன் மச்சான்.

தேதி கிழிந்துபோன பத்திரத்தின் காலத்தை முத்திரைத்தாளே சொல்லும். விக்டோரியா ராணியின் தலை இருந்தால் 1901க்கு முந்தையதாக இருக்கலாம். ஏழாம் எட்வர்ட் என்றால் 1901க்குப் பின். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910க்குப் பின். ஆறாம் ஜார்ஜ் என்றால் 1936க்குப் பின். தாளின் பின்பக்கம் முத்திரைத்தாள் விற்பனையாளர் எழுதிய தேதியும் வாங்கியவர் பெயரும் பல சமயம் தெளிவாகவே இருக்கும். நூறு ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சொத்தின் கிரயத்துக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால், 19ஆம் நூற்றாண்டின் சிறுகுடியானவர்களின் பல கைமாற்றங்கள் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. பத்திரம் கிடைக்கவில்லை என்பதால் நிலம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

பிறப்பு, இறப்பு, பிற பதிவேடுகள்

நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளுக்கு 1866இல் அமைந்த கோயம்புத்தூர் நகராட்சியை அணுக வேண்டும். கிராமப்புறப் பிறப்பு இறப்புப் பதிவை 1899ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டமும், பின்னர் 1969ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் ஒழுங்குபடுத்தின. ஊரில் பதிவு செய்தவர் மணியகாரர். குழந்தை பிறந்த உடனே பதிவானதால் பெயர்ப் பத்தி வெறுமையாகவோ, ‘ஆண்’, ‘பெண்’ என்றோ இருக்கும். ஆகவே தந்தை பெயரையும் ஊரையும் கொண்டுதான் தேட வேண்டும். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரே ஊரில், ஒரே பத்தாண்டில், ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் கொண்ட பங்காளிகள் இருக்கக்கூடும். தாயின் பெயரும் புல எண்ணும் சேர்ந்தால்தான் ஆள் அடையாளம் உறுதியாகும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த வேலைக்கு உதவாது. சென்னை மாகாணத்தில் 1871 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடந்து வந்தாலும், வீடுவாரித் தாள்கள் ஆராய்ச்சிக்குக் கிடைப்பதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அவற்றைப் பார்வையிட யாருக்கும் உரிமையில்லை என்கிறது. பிரிட்டனில் நூறு ஆண்டுகளும் அமெரிக்காவில் 72 ஆண்டுகளும் கழிந்தபின் அந்தத் தாள்கள் வெளிவருவதால் அங்கே குடும்ப வரலாறு அதைச் சுற்றியே வளர்ந்தது. கொங்குநாட்டில் அந்த இடத்தை நிலக் கணக்கும் பத்திரமும்தான் நிரப்ப வேண்டும். ஊர்த் தொகை, வீடுகளின் எண்ணிக்கை, தொழில் விவரம் ஆகியவற்றுக்குக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகள் உதவும்.

நிலம் இல்லாத குடும்பங்கள் மேற்சொன்ன கணக்குகளில் ஏறக்குறைய காணப்படுவதில்லை. பண்ணையாட்களாகவும் தோல் தொழிலாளர்களாகவும் நெசவாளர்களாகவும் வாழ்ந்தோரின் வரலாற்றுக்கு வேறு பதிவேடுகள் வேண்டும். மாதா கோயில்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் ஒன்று. கருமத்தம்பட்டியின் கத்தோலிக்கச் சபை கொங்குநாட்டின் மிகப் பழைய சபைகளுள் அடங்கும். பாரிஸ் வேதபோதக சபையினர் பொறுப்பில் 1850இல் கோயம்புத்தூர் தனித் திருச்சபை நிர்வாகப் பகுதியாகி, 1886இல் மறைமாவட்டமானது. சீர்திருத்தச் சபையில் லண்டன் மிஷன் 1830இல் கோயம்புத்தூரில் பணி தொடங்கியது. அதன் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் இருக்கின்றன. ஞானஸ்நானப் பதிவில் தாய், தந்தை, ஞானப் பெற்றோர், ஊர் ஆகிய எல்லாம் வரும். தாயின் பெயரை முறையாக எழுதிய பழைய பதிவு இதுவே.

1888இல் ஸ்டேன்ஸ் மில்லோடு தொடங்கி, 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் பெருகிய பஞ்சாலைகளின் ஆள் பதிவேடுகளும் சம்பளப் புத்தகங்களும் இன்னொன்று. ஆலைகள் மூடப்பட்டபோது அவற்றில் பல பழைய தாள் கடைக்குப் போயின. தொழிலாளர் வீடுகளில் இருக்கும் அடையாள அட்டையும் வைப்புநிதிச் சீட்டும்தான் மிச்சம். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் ஒப்படைப் பதிவுகளும் இந்த வகையில் சேரும்.

பெண்களின் பெயர் நில ஆவணத்தில் அரிது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கும், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்த 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்துக்கும் முன்னால் அவர்கள் ‘இன்னார் சம்சாரம்’ என்றே வருகிறார்கள். விதவை ஜீவனாம்ச வழக்கு, தான செட்டில்மெண்ட், மைனர் மகனுக்குத் தாய் கார்டியனாக நின்ற பத்திரம் ஆகியவற்றில் அவர்களுடைய சொந்தப் பெயரும் பிறந்த வீடும் வெளிப்படும். நீதிமன்றப் பாக வழக்குகளின் பிராதுடன் வம்சாவளி அட்டவணை இணைக்கப்படுவது வழக்கம். எதிர்த்தரப்பு மறுக்காத பகுதியை அதில் முழுமையாக நம்பலாம்.

கடல் கடந்து போனோரின் பட்டியல்கள் வியப்பூட்டும் அளவுக்கு விரிவானவை. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் முதல் அணியைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறக்கியது முதல் 1911 வரை 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்கள் அங்கே போனார்கள். பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை உண்டு. மொரீசியஸ், பிஜித் தீவுகளுக்கும் இப்படிப்பட்ட பதிவுகள் இருக்கின்றன; மொரீசியஸ் ஆவணங்கள் மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. ஊரில் ஒரு புலத்திலும் பெயர் ஏறாத மனிதருக்கு அயல்நாட்டில் அங்க அடையாளம் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். கப்பல் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஊர்ப் பெயர்கள் உருமாறியிருக்கும். ஜில்லா, தாலுகா இரண்டையும் கொண்டு ஊகிக்க வேண்டும்.

அச்சிட்ட நோக்கு நூல்கள்

ஆவணத்தில் வரும் ஊர், வரி, பதவி, அளவை ஆகியவற்றைப் புரிந்துகொள்ள நோக்கு நூல்கள் வேண்டும். பிரான்சிஸ் புக்கானன் 1800இன் பிற்பகுதியில் கொங்குநாட்டின் ஊடே பயணம் செய்து, பயிர், கூலி, நெசவு, நீர்ப்பாசனம் ஆகியவற்றைக் குறித்தார். அவருடைய மூன்று தொகுதிகள் 1807இல் வெளிவந்தன. கும்பினி ஆட்சி தொடங்கியபோது ஊர்கள் எப்படி இருந்தன என்பதற்கு அதுவே முதற்சான்று. அடுத்து எப்.ஏ. நிக்கல்சன் 1887இல் வெளியிட்ட கோயம்புத்தூர் ஜில்லா மானுவல். கூட்டுறவு இயக்கத்துக்கு அடிகோலிய அறிக்கையை எழுதிய அதே நிக்கல்சன்தான் இவர். கிணற்றுப் பாசனம், தாது வருடப் பஞ்சம், தாலுகா வாரியான செய்திகள் ஆகியவற்றுக்கு இந்நூலை விட்டால் வேறு கதியில்லை. சேலத்துக்கு லெ பானு எழுதிய 1883ஆம் ஆண்டு மானுவலும், ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918ஆம் ஆண்டு கெஜட்டியரும் உண்டு. கோவைக்கு பி.எஸ். பாலிகா தொகுத்த கெஜட்டியர் 1966இல் வந்தது.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் சாதி வழக்கங்களுக்கு அதிகம் மேற்கோள் காட்டப்படுகின்றன. அவற்றில் நேரில் கண்டதும், பிறர் எழுதி அனுப்பியதும், பழைய கணக்கெடுப்பு அறிக்கையிலிருந்து எடுத்ததும் கலந்திருக்கின்றன; எது எது என்று பிரித்தறிந்த பிறகே எடுத்தாள வேண்டும். காங்கேயம் பகுதி ஊர் ஒன்றில் 1960களில் தங்கி ஆராய்ந்த பிரெண்டா பெக் 1972இல் வெளியிட்ட நூல், குலம், நாடு, உறவுமுறை ஆகியவை நடைமுறையில் எப்படி இயங்கின என்பதைக் காட்டுகிறது. கோவைகிழார் சி.எம். இராமச்சந்திரஞ் செட்டியார், ஆரோக்கியசாமி ஆகியோரின் கொங்கு வரலாறுகள் அரசியல் வரலாற்றுக்குத் துணை செய்யும்.

சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும், எச்.எச். வில்சனின் 1855ஆம் ஆண்டு நீதி, வருவாய்ச் சொல்லகராதியும், பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் போதும். வள்ளம் என்ற நில அளவைக்கும் வள்ளம் என்ற தானிய அளவைக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் பத்திரத்தைப் படித்தால் நிலத்தின் பரப்பே தவறிவிடும். பழைய நூல்களில் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அணுகலாம்.

கல்வெட்டு, செப்பேடு, சுவடி

1887 முதல் வெளிவந்த கல்வெட்டு ஆண்டறிக்கைகளும், தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும், தமிழ்நாடு தொல்லியல் துறையின் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளும் இத்துறையின் அடிப்படை நூல்கள். கொங்குச் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் கொடையாளியின் பெயருக்கு முன் அவருடைய சமூகமும் குலமும் குறிக்கப்படுவது இப்பகுதியின் சிறப்பு. 13ஆம் நூற்றாண்டில் ஒரு குலத்தார் இன்ன ஊரில் இருந்தனர் என்பதை இதைக்கொண்டு உறுதியாகச் சொல்லலாம். அந்தக் கொடையாளியிலிருந்து இன்றைய குடும்பம் வரை தலைமுறைச் சங்கிலி இருக்கிறது என்று சொல்ல அது போதாது. குலம் வேறு, வம்சாவளி வேறு.

செப்பேடுகள், பட்டயங்கள், குலகுரு மட ஆவணங்கள் பலவற்றைப் புலவர் செ. இராசு வீடு வீடாகத் தேடித் தொகுத்தார். அவருடைய ‘கொங்குநாட்டுச் சமுதாய ஆவணங்கள்’ தமிழ்ப் பல்கலைக்கழக வெளியீடு. பல சமூகத்தாரின் கட்டுப்பாடு, சீர், காணி உரிமை, மடத்துக்குச் செலுத்திய வரி ஆகியவை அதில் இருக்கின்றன. கர்னல் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் கைபீதுகள் எனப்படும் கொங்குநாட்டு ஊர் வரலாற்றுக் குறிப்புகளும் ‘கொங்குதேச ராஜாக்கள்’ சரித்திரமும் உள்ளன; சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

செப்பேட்டைச் சோதிக்க எளிய வழி காலக்கணிப்பு. சக ஆண்டு, கலியாண்டு, வருடப் பெயர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துவருகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து எழுத்தமைதியும் சொல்வழக்கும். சோழன் காலத்தது என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ‘சோழன் பூர்வ பட்டயம்’ நடையாலும் சொல்லாலும் மிகப் பிற்காலத்தது. அதனால் அது பயனற்றதாகிவிடாது. எழுதப்பட்ட காலத்தில் எந்தெந்தச் சமூகத்தார் எந்த உரிமையைக் கோரினர் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. அண்ணன்மார் கதை, காணிப் பாடல்கள், கொங்கு மண்டல சதகம் ஆகியவற்றையும் இப்படியே மதிக்க வேண்டும்: பாடியவரின் காலத்து நினைவுக்கு அவை சான்று, பாடப்பட்டவரின் காலத்துக்கு வேறு சான்று தேட வேண்டும்.

மலரில் எழுதும்போது

ஒவ்வொரு செய்திக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்பதை எழுத வேண்டும்: பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், புல எண், வருவாய் கிராமம், சொன்னவர் பெயர், சொன்ன நாள். எழுத்துச் சான்று உள்ளதையும் வாய்மொழியையும் தனித்தனியே காட்ட வேண்டும். இரண்டு சான்றுகள் முரண்பட்டால் இரண்டையும் தருவதே முறை. உயிரோடிருப்போரின் பிறந்த தேதி, முகவரி, சொத்து விவரம் ஆகியவற்றை அச்சில் ஏற்றக் கூடாது.

திருப்பணிக் குழுக்களிடமே ஆவணங்கள் இருக்கின்றன. தலைக்கட்டு வரிப் புத்தகம், நன்கொடைப் பட்டியல், பூசை முறைக் கணக்கு, பழைய திருப்பணிகளின் தீர்மானப் புத்தகம் ஆகியவை குலத்தார் எந்தெந்த ஊர்களுக்குப் பரவினர் என்பதை ஆண்டு வாரியாகக் காட்டுகின்றன. புதுப் புத்தகம் போட்டதும் பழையதை வீசிவிடுவதும், ஆடிப் பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விடுவதும் கைவிடப்பட வேண்டியவை. பழைய நோட்டுகளை ஒளிப்படமெடுத்து, பிரதி ஒன்றைக் கோயிலிலும் இன்னொன்றை வெளியூரில் ஒருவரிடமும் வைக்கலாம். ஏடுகளையும் செப்பேடுகளையும் விளக்கிச் சுரண்டாமல், படித்தறியத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையோ தொல்லியல் துறையையோ அணுகலாம். கல்வெட்டு உள்ள சுவரில் மணல் வீச்சுச் சுத்தம், பெயிண்ட், சலவைக்கல் எதுவும் கூடாது. கல் இடம் மாற நேர்ந்தால் அதற்கு முன்பே படியெடுக்கச் செய்ய வேண்டும்.

ஒரு குடும்பத்துக்குப் பட்டா, யூ.டி.ஆர்., செட்டில்மெண்ட் பதிவேடு, பாகப் பத்திரம், பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவை சேர்ந்தால் ஐந்து தலைமுறை வரை உறுதியாகப் போகலாம். இனாம் பதிவேட்டில் பெயர் இருந்தால் மேலும் இரண்டு அல்லது மூன்று தலைமுறை. அதற்கு அப்பால் குலத்தின் வரலாறு, ஊரின் வரலாறு உண்டு. மலரில் அவற்றுக்குத் தனித் தலைப்பு கொடுத்து, குடும்பத்தின் வம்சாவளியோடு கலக்காமல் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
கொங்கு ஆவண ஆர்வலர் ஒருவர்
கோயம்புத்தூர்